மினசோட்டாவில் காக்கஸுக்குப் போவது எப்படி? நம் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி நான்கு வருடம் வரை காக்கஸ் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நவம்பரில் ஓட்டுப் போட்டால் கடமை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு பிப்ரவரி மாதம் பக்கத்து வீட்டு அம்மா, "இன்றைக்கு ராத்திரி பள்ளிக்கூடத்தில் கூட்டம், நீயும் வாயேன்" என்று அழைத்துப் போனார். அதற்கப்புறம் இரட்டைப்படை வருடங்களில் நான் ஒரு கூட்டத்தைக்கூட விட்டதில்லை. பொங்கல் விழாவிலும் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விடும்போதும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

காக்கஸ் என்றால் என்ன?

ஒரு கட்சியைச் சேர்ந்த, ஒரே வாக்குச்சாவடிப் பகுதியில் வசிக்கிறவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் கூட்டம். அந்தப் பகுதியை இங்கே பிரீசிங்ட் என்பார்கள். மினசோட்டாவில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பிரீசிங்ட்கள் இருக்கின்றன. உங்கள் தெருவும் அக்கம்பக்கத்துத் தெருக்களும் சேர்ந்தது ஒரு பிரீசிங்ட் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏணியின் முதல் படி இதுதான். இந்தக் கூட்டத்தில் தேர்வாகும் பேராளர்கள், அதாவது டெலிகேட்கள், அடுத்ததாக மாநில செனட் தொகுதி அல்லது கவுன்டி அளவிலான மாநாட்டுக்குப் போகிறார்கள். அங்கிருந்து சிலர் காங்கிரஸ் தொகுதி மாநாட்டுக்கும் மாநில மாநாட்டுக்கும் போவார்கள். மாநிலத்தில் 67 செனட் தொகுதிகளும் 8 காங்கிரஸ் தொகுதிகளும் உண்டு. 'இவர்தான் எங்கள் வேட்பாளர்' என்று கட்சி ஒருவருக்கு ஆதரவு அறிவிப்பது இந்த மாநாடுகளில்தான். அதை எண்டார்ஸ்மெண்ட் என்கிறார்கள். ஆகஸ்ட் இரண்டாம் செவ்வாயன்று, கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவு செய்யும் பிரைமரி தேர்தல், நவம்பரில் பொதுத்தேர்தல்.

தமிழ்நாட்டில் நாம் பார்த்து வளர்ந்தது வேறு. அங்கே போட்டியிட விரும்புகிறவர் கட்டணம் கட்டி விருப்ப மனு கொடுப்பார், தலைமைக் கழகத்தில் நேர்காணல் நடக்கும், பிறகு பட்டியல் வரும். தொகுதியில் வசிக்கும் சாதாரண ஆதரவாளரை யாரும் கேட்பதில்லை. இங்கே கேள்வி முதலில் வருவது அவரிடம்தான். எனக்கு இது புரியவே இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன.

ஐயோவா காக்கஸ் என்று செய்தியில் வருமே, அதுவா இது?

பெயர் ஒன்று, வேலை வேறு. ஐயோவாவில் கட்சிகள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பந்தயத்தைக் காக்கஸில் தொடங்கி வைத்ததால் உலகத்துக்கே அந்தப் பெயர் தெரிந்தது. 2024 ஜனவரி 15 அன்று அங்கே ரிபப்ளிகன் காக்கஸில் நான்காவதாக வந்த விவேக் ராமசாமி அன்றிரவே போட்டியிலிருந்து விலகினார். அவர் தமிழ் பேசும் குடும்பத்துப் பிள்ளை என்பதால் நம் வீடுகளில் அன்று காக்கஸ் பேச்சாகத்தான் இருந்தது.

மினசோட்டாவிலும் 2016 வரை அதிபர் தேர்வுக்கான வாக்கைக் காக்கஸ் இரவில்தான் போட்டார்கள். 2008-இல் டிஎஃப்எல் கட்சியின், அதாவது இங்குள்ள டெமாக்ரடிக் கட்சியின், காக்கஸுக்கு மட்டும் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். 2016-இலும் பெருங்கூட்டம், வண்டி நிறுத்த இடமில்லை, வரிசை கட்டடத்துக்கு வெளியே நீண்டது. அதே வருடம் சட்டமன்றம் அதிபர் தேர்வைத் தனிப் பிரைமரிக்கு மாற்றியது. 2020 மார்ச் 3 அன்று அந்தப் பிரைமரி முதன்முதலாக நடந்தது. "காக்கஸை எடுத்துவிட்டார்களே" என்று பலர் சொல்வது இதை வைத்துத்தான். எடுக்கவில்லை. ஆளுநர், செனட்டர், சட்டமன்ற உறுப்பினர் பதவிகளுக்கான கட்சி ஆதரவு இன்றைக்கும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

(டிஎஃப்எல் என்ற பெயர், டெமாக்ரடிக் கட்சியும் விவசாயி-தொழிலாளர் கட்சியும் 1944-இல் ஒன்றானதால் வந்தது.)

எப்போது நடக்கும்? எங்கே என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரட்டைப்படை வருடங்களில், இரவு 7 மணிக்கு. கட்சிகள் சேர்ந்து வேறு தேதி குறிக்காவிட்டால் பிப்ரவரி முதல் செவ்வாய். 2022-இல் பிப்ரவரி 1, 2024-இல் பிப்ரவரி 27. மாநிலச் செயலர் அலுவலகத்தின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் உங்கள் பிரீசிங்ட் எது, எந்தக் கட்சி எந்தப் பள்ளியில் கூடுகிறது என்று காட்டும். சில நகரங்களில் மேயர் தேர்தல் வரும் ஒற்றைப்படை வருடங்களில் நகர அளவிலும் காக்கஸ் நடப்பதுண்டு.

யார் கலந்துகொள்ளலாம்?

அந்தப் பிரீசிங்டில் வசிக்க வேண்டும். வரும் நவம்பர் பொதுத்தேர்தலில் வாக்களிக்கத் தகுதி இருக்க வேண்டும். கட்சியின் கொள்கைகள் பொதுவாக உங்களுக்கு உடன்பாடாக இருக்க வேண்டும். ஒரே வருடத்தில் இரண்டு கட்சிகளின் காக்கஸில் கலந்துகொள்ளக் கூடாது. நவம்பருக்குள் 18 வயது நிரம்பும் பிள்ளைகள் இப்போது 17 ஆக இருந்தாலும் வாக்களிக்கலாம். எங்கள் அறைக்கு ஒருமுறை பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். இரவு முடியும்போது அவள் டெலிகேட்.

கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். எச்1பி விசாவில் இருக்கிறேன். வரலாமா?

வந்து பார்க்கலாம். இது பொதுமக்களுக்குத் திறந்த கூட்டம். ஆனால் வாக்களிக்கத் தகுதியுள்ளவர் என்று சொல்லும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வாசலிலேயே "நான் பார்வையாளராக வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகும் அவசரத்தில் நீங்களும் போட்டுவிட வாய்ப்பு உண்டு. குடியுரிமை இல்லாதவர் குடிமகன் என்று பொய்யாகச் சொல்லிக்கொள்வது குடியேற்றச் சட்டத்தில் மிகக் கடுமையான குற்றம். நாடு கடத்தும் வரைக்கும் போகலாம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று பின்னால் விளக்கிக்கொண்டு திரிய வேண்டாம்.

நன்கொடையிலும் வித்தியாசம் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர் தேர்தல் நிதி கொடுக்கலாம். எச்1பி உள்ளிட்ட தற்காலிக விசாவில் இருப்பவர் கொடுக்கக் கூடாது. காக்கஸ் அறையில் சுற்றி வரும் உறையில் ஐந்து டாலர் போடுவதும் நன்கொடைதான்.

கட்சியில் உறுப்பினராகச் சேர வேண்டுமா? கட்டணம் உண்டா?

இரண்டும் இல்லை. மினசோட்டாவில் வாக்காளராகப் பதியும்போது கட்சியைக் குறிப்பிடுவதே கிடையாது. உறுப்பினர் அட்டை கேட்க மாட்டார்கள். உறை சுற்றி வரும். விருப்பமிருந்தால் போடலாம், இல்லையென்றால் அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம்.

பணம் கொடுக்கிறவர்களுக்கு ஒரு தகவல். மாநிலக் கட்சி அமைப்புகளுக்கும், செலவு வரம்பை ஏற்று ஒப்பந்தம் போட்ட மாநில வேட்பாளர்களுக்கும் வாக்காளர்கள் கொடுக்கும் நன்கொடையை மினசோட்டா அரசே திருப்பித் தரும் திட்டம் ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு வருடத்துக்கு 50 டாலர் வரை என்றிருந்ததை 2024-இல் 75 ஆக்கினார்கள். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கட்சிக்குப் போவது?

அது உங்கள் மனம். எங்கள் வீட்டில் நானும் கணவரும் அன்றிரவு வேறு வேறு பள்ளிக்கூடங்களுக்குப் போகிறோம். பத்து மணிக்கு வீடு திரும்பி, சாப்பிட்டுக்கொண்டே யார் அறையில் எத்தனை பேர், என்ன தீர்மானம் நிறைவேறியது என்று பேசுவோம். எங்களுக்கு அது நல்ல இரவு.

அன்றிரவு என்னதான் நடக்கும்?

ஆறரைக்குப் போய்விடுங்கள். பள்ளி நுழைவாயிலில் பெரிய வரைபடம் ஒட்டியிருப்பார்கள், பிரீசிங்ட் வாரியாக எந்த வகுப்பறை என்று எழுதியிருக்கும். உங்கள் அறைக்குப் போய்ப் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சில நேரம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி நாற்காலிதான் கிடைக்கும்.

ஏழு மணிக்கு, கட்சி நியமித்த கூட்ட அழைப்பாளர் கூட்டத்தைத் தொடங்குவார். அவருக்கு இருக்கும் அதிகாரம் தொடங்கி வைப்பதோடு சரி. அறையில் இருப்பவர்கள் தங்களுக்குள் ஒரு தலைவர், ஒரு செயலாளர், வாக்கு எண்ணுவதற்குச் சிலர் என்று தேர்ந்தெடுப்பார்கள். பெரும்பாலும் அழைப்பாளரையே தலைவராகச் சொல்லிவிடுவார்கள். வேறு பெயரைச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்து வேட்பாளர்களின் கடிதங்களை வாசிப்பார்கள். நடுவில் கதவு திறக்கும். சட்டமன்ற உறுப்பினரோ அந்தப் பதவிக்கு முயல்கிறவரோ உள்ளே வந்து இரண்டு நிமிடம் பேசிவிட்டு அடுத்த அறைக்கு ஓடுவார். மைக் கிடையாது, மேடை கிடையாது, மாலையும் கிடையாது. அவருக்கு முன்னால் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அதில் நீங்கள் ஒருவர். கையைத் தூக்கிக் கேள்வி கேட்டால் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார். நான் அப்படிக் கேட்ட முதல் கேள்வி பள்ளிப் பேருந்தைப் பற்றியது. இரண்டு வருடம் கழித்து அவரை ஒரு கடையில் பார்த்தபோது, "பேருந்து சரியாகிவிட்டதா?" என்று கேட்டார்.

பிறகு பிரீசிங்டுக்கான கட்சிப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் வட்டச் செயலாளர் மாதிரி. அடுத்தது டெலிகேட் தேர்வு, கடைசியில் தீர்மானங்கள். ஆளுநர் தேர்தல் வருடங்களில் யாரை விரும்புகிறீர்கள் என்று சீட்டில் எழுதிப் போடச் சொல்வதும் உண்டு. அது மனநிலையைத் தெரிந்துகொள்ள மட்டும்தான், யாரையும் கட்டுப்படுத்தாது. தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் பணிபுரிய விருப்பமுள்ளவர்களின் பெயரையும் அன்றே எழுதி வாங்குவார்கள். அது சம்பளமுள்ள வேலை. நம் ஆட்கள் வாக்குச்சாவடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதை அதிகம் பார்க்க முடிவதில்லை, அதனால் இந்தத் தாளைத் தவறவிடாதீர்கள்.

கடைசிவரை இருந்தால் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும்.

டெலிகேட் ஆவது கஷ்டமா?

இல்லை. நான் இதை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

ஒவ்வொரு பிரீசிங்டுக்கும் இத்தனை டெலிகேட், இத்தனை மாற்று டெலிகேட் என்று கட்சி ஒதுக்கியிருக்கும். அதிபர் போட்டியின் பரபரப்பு இல்லாத வருடங்களில் வந்திருக்கும் ஆட்களைவிட ஒதுக்கிய இடங்கள் அதிகமாக இருப்பது சாதாரணம். "நான் போகிறேன்" என்று கையைத் தூக்கினால் போதும். என் முதல் கூட்டத்தில் எங்களுக்கு ஒன்பது இடம், வந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் டெலிகேட் ஆனோம்.

2018-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுநர் பதவி காலியாகிப் போட்டி கடுமையாக இருந்த வருடம். காக்கஸ் இரவில் ஆளுநர் விருப்ப வாக்கில் பங்கெடுத்தவர்கள் டிஎஃப்எல்லில் சுமார் 30,000 பேர், ரிபப்ளிகனில் சுமார் 11,000 பேர். அதே வருடம் நவம்பரில் வாக்களித்தவர்கள் சுமார் 26 லட்சம் பேர். 26 லட்சம் பேர் யார் யாரிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை முதலில் வடிகட்டிய கூட்டம், அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. நவம்பரில் உங்களுக்கு இருப்பது 26 லட்சத்தில் ஒரு ஓட்டு. பிப்ரவரியில் அந்த வகுப்பறையில் இருப்பது ஏழில் ஒரு ஓட்டு.

டெலிகேட் ஆனபின் வேலை என்னவென்றால், ஒரு சனிக்கிழமை செனட் தொகுதி மாநாட்டுக்குப் போக வேண்டும். பெரும்பாலும் மார்ச்சிலோ ஏப்ரலிலோ வரும், காலையிலிருந்து பிற்பகல் வரை நீளும். மாநிலப் பேரவை உறுப்பினர், மாநில செனட்டர் பதவிகளுக்குக் கட்சியின் ஆதரவு யாருக்கு என்று அங்கே வாக்களிப்பீர்கள். 60 சதவீதம் கிடைத்தால்தான் ஆதரவு. இரு கட்சிகளிலும் இதே அளவுதான். அதனால் சுற்றுச் சுற்றாக வாக்கெடுப்பு போகும். டெலிகேட் ஆனதும் வேட்பாளர்களிடமிருந்து வீட்டுக்குத் தொலைபேசி வரும். சிலர் நேரிலேயே கதவைத் தட்டுவார்கள். அதை நல்ல வாய்ப்பாக எடுத்துக்கொண்டு கேட்க நினைத்ததையெல்லாம் கேளுங்கள்.

'வாக்கிங் சப்காக்கஸ்' என்கிறார்களே, அது என்ன?

டிஎஃப்எல் மாநாடுகளில் அடுத்த கட்ட டெலிகேட்களைத் தேர்ந்தெடுக்கும் முறை அது. முதல் தடவை பார்த்தால் சந்தைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும், முறை தெரிந்துவிட்டால் அழகாகப் புரியும்.

ஒருவர் எழுந்து ஒரு குழுவுக்குப் பெயர் சொல்வார். வேட்பாளர் பெயராக இருக்கலாம், 'பொதுப்பள்ளிகள்' என்றோ 'சுத்தமான ஏரிகள்' என்றோ ஒரு பிரச்சினையாக இருக்கலாம், இரண்டையும் சேர்த்தும் சொல்லலாம். பெயர்கள் எல்லாம் வந்ததும் உடற்பயிற்சிக் கூடத்தின் மூலைகளில் பலகை பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் விரும்பும் பலகையின் கீழே நடந்து போய் நிற்க வேண்டும். தலை எண்ணுவார்கள். ஒரு டெலிகேட் இடத்துக்குத் தேவையான எண்ணிக்கை இல்லாத குழு கலைந்துவிடும். அதில் நின்றவர்கள் வேறு குழுவில் சேரலாம், அல்லது இரண்டு சிறு குழுக்கள் ஒன்றாகலாம். பேரம், வேண்டுகோள், "எங்களுக்கு இன்னும் மூன்றே பேர் போதும், வாருங்கள்" என்ற அழைப்பு எல்லாம் நடப்பது இந்தக் கட்டத்தில்தான். பிறகு கடைசி எண்ணிக்கை. குழுவின் அளவுக்கு ஏற்ப இடங்கள் பிரிக்கப்படும். அந்தந்தக் குழு தனக்குள் ஆளைத் தேர்ந்தெடுக்கும்.

இதில் சின்னக் கூட்டத்துக்கும் பங்கு கிடைக்கிறது. மாநாட்டுக்கு வந்த நூற்றைம்பது பேரில் பத்துப் பேர் ஒரே பலகையின் கீழ் உறுதியாக நின்றால் ஒரு இடம் வாங்கிவிட முடியும்.

தீர்மானம் கொண்டுவருவது எப்படி? அதனால் ஏதாவது நடக்குமா?

வாக்களிக்கும் தகுதியுள்ள யாரும் கொண்டுவரலாம். அறையில் அச்சடித்த தாள் இருக்கும், வீட்டிலேயே எழுதிக்கொண்டும் போகலாம். வடிவம் எளிது: 'இன்னின்ன காரணத்தால், ஆகவே கட்சி இதை ஆதரிக்க வேண்டும்.' ஒரு தீர்மானத்தில் ஒரே விஷயம்தான் இருக்க வேண்டும். எழுந்து வாசியுங்கள், ஏன் என்று ஒரு நிமிடம் சொல்லுங்கள். ஆதரவாகவும் எதிராகவும் ஓரிருவர் பேசுவார்கள், பிறகு வாக்கெடுப்பு. நிறைவேறினால் செனட் தொகுதி அளவிலான தீர்மானக் குழுவுக்குப் போகும், அங்கேயும் தேறினால் மேலே போகும். எல்லாப் படியையும் தாண்டியது கட்சியின் கொள்கை அறிக்கையில் இடம் பெறும்.

நான் முதன்முதலாகக் கொண்டுபோனது எச்1பி குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றியது. இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் கிரீன் கார்டு வரிசை அவ்வளவு நீளம். நான்கு வயதில் அப்பா அம்மாவோடு இங்கே வந்து இங்கேயே படித்த பிள்ளைக்கு 21 வயது ஆனதும் சார்பு விசா போய்விடுகிறது. வேறு விசா தேட வேண்டும், இல்லையென்றால் தனக்குப் பழக்கமே இல்லாத ஊருக்குத் திரும்ப வேண்டும். எங்கள் நண்பர் வீட்டில் அது நடந்தது, என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போய் மூச்சுவிடாமல் வாசித்தேன். தோற்றுவிட்டது.

கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "நீ சொன்ன விஷயம் எங்கள் யாருக்கும் தெரியாது. விசாக்களின் எண்களைச் சொல்லிக்கொண்டே போனாய். அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே" என்றார். இரண்டு வருடம் கழித்து அதையே நான்கு வரியில் எழுதிப் போனேன். அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தது, எந்த விளையாட்டு ஆடியது என்பதிலிருந்து தொடங்கினேன். அறையில் ஒருமனதாக நிறைவேறியது. செனட் தொகுதி மாநாட்டிலும் தேறியது, அதற்கு மேலே போகவில்லை. ஆனால் அந்த மாநாட்டுக்கு வந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்தத் தாளை வாசித்துவிட்டுத்தான் வாக்களித்தார்கள். அடுத்த முறையும் எழுதுவேன்.

என் ஆங்கில உச்சரிப்பு... எழுந்து பேசக் கூச்சமாக இருக்கிறதே?

எழுதி வைத்து வாசியுங்கள், அங்கே பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். பேசாமல் உட்கார்ந்து வாக்கு மட்டும் போட்டுவிட்டு வந்தாலும் அந்த வாக்கின் எடை குறையாது. கூட்டங்களை எப்படி நடத்துவது என்று சொல்லும் ராபர்ட்ஸ் விதிமுறைகளைத் தழுவி கூட்டம் நடக்கும். ஏதாவது புரியவில்லையென்றால் "இப்போது எதற்கு வாக்களிக்கிறோம்?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். நான் கேட்டபோதெல்லாம் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் நிம்மதியாகத் தலையாட்டினார்கள்.

அன்று மாலை ஷிஃப்ட் இருக்கிறது. குழந்தைகளையும் விட ஆளில்லை.

காக்கஸுக்குப் போக விடுப்பு தர வேண்டும் என்று மினசோட்டாவில் சட்டமே இருக்கிறது. குறைந்தது பத்து நாள் முன்னதாக எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். அந்த நேரத்துக்கான சம்பளத்தைப் பிடிக்கலாம், வேறு எந்தத் தண்டனையும் தரக் கூடாது. டெலிகேட்கள் மாநாட்டுக்குப் போவதற்கும் இதே மாதிரி பாதுகாப்பு உண்டு. அன்று மாலை 6 மணிக்கு மேல் நகர மன்றம், பள்ளி வாரியம் போன்ற அமைப்புகள் கூட்டம் போடக் கூடாது, பொதுப்பள்ளிகளில் நிகழ்ச்சி வைக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. பெற்றோர் கூட்டத்தோடு மோதுமோ என்ற கவலை வேண்டாம்.

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டே போங்கள். வண்ணப் பென்சிலும் ஒரு டப்பா முறுக்கும் போதும். வரவே முடியாதவர்கள் டெலிகேட் ஆக விருப்பம் தெரிவிக்கவும் தீர்மானம் அனுப்பவும் டிஎஃப்எல்லில் தனிப் படிவம் உண்டு.

கட்சி ஆதரித்தவரே பிரைமரியில் தோற்றுவிடுகிறாரே. பிறகு எதற்கு இவ்வளவு பாடு?

நியாயமான கேள்வி. கட்சி ஆதரித்தவர் தோற்றதும் வென்றதும் 2018-இல் ஒரே வருடத்தில் நடந்தது. டிஎஃப்எல் மாநாடு ராச்செஸ்டரில் கூடி எரின் மர்ஃபியை ஆதரித்தது. ஆகஸ்ட் பிரைமரியில் டிம் வால்ஸ் அவரை வென்று ஆளுநரும் ஆனார். ரிபப்ளிகன் மாநாடு டூலூத்தில் கூடி ஜெஃப் ஜான்சனை ஆதரித்தது. இரண்டு முறை ஆளுநராக இருந்த டிம் பாலென்டி பிரைமரியில் மோதிப் பார்த்தார், ஜான்சனிடம் தோற்றார். 2010-இல் மார்க் டேட்டன் கட்சி ஆதரவைத் தேடாமலே பிரைமரிக்குப் போய் ஜெயித்தார்.

ஆக, மாநிலம் முழுக்கப் பெயரும் பணமும் உள்ள பெரிய போட்டிகளில் எண்டார்ஸ்மெண்ட் முடிவான முடிவு இல்லை. ஆனால் பேரவைத் தொகுதி அளவில் நிலைமை வேறு. அங்கே கட்சி ஆதரவு கிடைத்ததும் மற்றவர்கள் விலகிக்கொள்வதுதான் அதிகம். ஒரு கட்சிக்கே சாதகமான தொகுதியாக இருந்தால் அந்தச் சனிக்கிழமை மாநாட்டிலேயே நவம்பர் முடிவு ஏறக்குறைய தெரிந்துவிடும்.

குளறுபடி நடப்பதில்லையா?

நடக்கிறது. 2025 ஜூலையில் மினியாபொலிஸ் நகர டிஎஃப்எல் மாநாடு மேயர் பதவிக்கு ஒமர் ஃபாத்தேயை ஆதரித்தது. வாக்கெடுப்பில் குறைகள் இருந்ததாகச் சொல்லி மாநிலக் கட்சி ஆகஸ்டில் அந்த ஆதரவை ரத்து செய்தது. பல மணி நேரம் உட்கார்ந்திருந்த டெலிகேட்களுக்கு அது எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும்! தன்னார்வலர்கள் நடத்தும் கூட்டம் என்பதால் எண்ணிக்கையில் தவறு வரும். அதனால்தான் வாக்கு எண்ணும் பொறுப்புக்கு ஆள் கேட்கும்போது கை தூக்குங்கள் என்று சொல்வேன். கணக்கில் கவனமான ஆட்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இதில் இடம் கிடைத்திருக்கிறதா?

செயின்ட் பாலின் கிழக்குப் பகுதியிலிருந்து 2002-இல் மீ மூவா மாநில செனட்டுக்குத் தேர்வானார். லாவோஸில் பிறந்தவர், மோங் இனத்திலிருந்து அமெரிக்காவில் ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்குப் போன முதல் ஆள். மினியாபொலிஸில் சோமாலி மக்கள் காக்கஸ் அறைகளை நிரப்பத் தொடங்கியதும் அந்தப் பகுதியின் அரசியலே மாறியது. 2016-இல் சோமாலியாவில் பிறந்த இல்ஹான் ஒமர் மாநிலப் பேரவைக்குப் போட்டியிட்டபோது, 1972 முதல் அந்தத் தொகுதியில் தொடர்ந்து வென்றுவந்த ஃபிலிஸ் கானுக்கு மாநாட்டில் 60 சதவீதம் கிடைக்கவில்லை, ஒமருக்கும் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் பிரைமரியில் ஒமர் வென்றார். அவருடைய அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். அகதிகளாக வந்திறங்கிய மக்கள் பள்ளிக்கூட அறையிலிருந்து தொடங்கினார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். நாம் அவர்களைவிட வசதியாக வந்தவர்கள். அறைகளில் நம்மைத்தான் காணோம்.

தமிழ்ச் சங்கத்தின் பெயரில் சேர்ந்து போகலாமா?

சங்கம் 501(சி)(3) பிரிவில் வரிவிலக்குப் பெற்றதாக இருந்தால், எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ இயங்கக் கூடாது. சங்கத்தின் பெயர், மின்னஞ்சல் பட்டியல், பதாகை எதையும் எடுக்காதீர்கள். கட்சி சாராமல் "காக்கஸ் இந்தத் தேதியில் நடக்கிறது" என்று தகவல் சொல்வதில் தப்பில்லை. தனி மனிதராக, நண்பர்கள் நான்கு பேராகக் கிளம்பிப் போங்கள்.

பெயர் கொடுத்தால் தொல்லை செய்வார்களா?

மின்னஞ்சலும் தொலைபேசியும் வரும். பட்டியல் கட்சியிடம் இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள்.

கையில் என்ன கொண்டுபோக வேண்டும்?

பேனா. உங்கள் பிரீசிங்ட் எண் எழுதிய துண்டுச்சீட்டு. தீர்மானம் இருந்தால் இரண்டு பிரதி, ஒன்று செயலாளருக்கு. தண்ணீர் பாட்டில். பள்ளிகளில் சில அறைகள் அடுப்பு மாதிரி சூடாக இருக்கும், சிலதில் கை விறைக்கும், அதனால் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போங்கள். வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்து வரும்போது எல்லா வண்டியின் மேலும் பனி மூடியிருக்கலாம்.